செடிக்குப் போதை உண்டா?

1914-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, இலண்டன் மாநகரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் மன்றத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்ந்தது. நிகழ்த்தியவர் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ். செடிகள் தாமே எழுதித் தரும் வாக்குமூலங்கள் என்பதே அன்றையப் பேச்சின் பொருள். புகையூட்டிக் கருக்கிய கண்ணாடித் தகடொன்று மெல்ல நகரும். செடியின் இலையோடு பிணைத்த நுண்ணிய நெம்புகோல் அதன்மேல் புள்ளி புள்ளியாகக் கோடிடும். இலையின் அசைவுக்கேற்பக் கோடு ஏறும், இறங்கும். தொட்டாற்சிணுங்கியும் தொழுகன்னியும் இவ்வாறு எழுதிய வரைகளை அவையோர் வியப்புடன் கண்டனர்.

அவ்வரைகளுள் ஒன்று சாராய ஆவிக்கு ஆட்பட்ட செடியினுடையது. ஒழுங்காக ஏறி இறங்க வேண்டிய கோடு, குடித்தவன் நடைபோல் தள்ளாடியிருந்தது. மதுவிலக்குப் பிரசாரம் செய்வோர் இப்படத்தை நன்கு பயன்படுத்திக் கொள்ளலாம் என்று போஸ் வேடிக்கையாகச் சொன்னார்.

வேடிக்கைச் சொற்களுக்கு ஆயுள் அதிகம். செடியும் மனிதனைப் போலவே போதை கொள்கிறது என்னும் செய்தி பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் மேடைகளிலும் நூறாண்டுக்கு மேலாக வலம் வருகிறது. அதற்கு அடிப்படையான அளவீடு எது, அதன்மேல் ஏறி அமர்ந்த உவமை எது என்று பிரித்தறிவோர் சிலரே. மொழிபெயர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட நமக்கு இக்கேள்வி வெறும் ஆராய்ச்சிக் கேள்வியன்று. போதை என்று எழுதுவதா, மயக்கம் என்று எழுதுவதா, நஞ்சேற்றம் என்று எழுதுவதா என்பது ஒருநாள் நம் மேசைமேல் வந்து நின்ற கேள்வி. அந்நாளில் நாம் தவறவும் செய்தோம். அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

மயக்கும் பொருளைச் செடிக்குக் கொடுத்துப் பார்த்தவருள் போஸ் முதல்வர் அல்லர். அவருக்கு முன்னரே பிரெஞ்சு நாட்டு உடலியல் மேதை கிளோத் பெர்னார் இதைச் செய்திருக்கிறார். அவர் கையாண்டது ஈதர். ஈதரைச் சாராயத்தின் மகவு எனலாம். சாராயத்தோடு கந்தக அமிலத்தைச் சேர்த்து வடித்தால் கிடைப்பது அது. பெர்னார் தொட்டாற்சிணுங்கிச் செடியைக் கண்ணாடிக் கூண்டினுள் வைத்து ஈதர் ஆவியை ஊட்டினார். சற்று நேரத்தில் தொட்டாலும் இலை மடியவில்லை. கூண்டை அகற்றித் தூய காற்றில் விட்டதும் பழைய உணர்ச்சி திரும்பியது. பின்னர்க் கடுகினத்தைச் சேர்ந்த கீரை விதைகளை எடுத்து ஈரத்தோடு ஈதர் ஆவியில் வைத்தார். வழக்கமாக விரைந்து முளைக்கும் அவ்விதைகள் அசையாது கிடந்தன. ஆவி நீங்கியபின் முளைத்தன. விதை சாகவில்லை, வளர்ச்சி மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 1878-இல், அவர் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்த சொற்பொழிவு நூலில் இச்சோதனைகள் இடம்பெற்றுள்ளன. விலங்குக்கும் செடிக்கும் பொதுவான உயிர்த்தன்மை ஒன்று உண்டு, மயக்க மருந்து அதையே தொடுகிறது என்பது அவர் கொள்கை.

இங்கே ஒரு முரண் எழுகிறது. விதையை உறங்க வைத்த அதே ஈதர், உறங்கும் மொட்டை எழுப்பவும் செய்தது. கோபன்ஹேகன் நகரத்து யோகான்சன் என்பவர், பிற்காலத்தில் ஜீன் என்னும் சொல்லை அறிவியலுக்குத் தந்தவர், 1890-களில் லைலாக் என்னும் பூஞ்செடிகளை ஈதர் ஆவி நிறைந்த அறையில் குறுகிய காலம் அடைத்து வைத்து, பிறகு வெப்பமூட்டிய கண்ணாடி மனைக்கு மாற்றினார். குளிர்காலம் முழுதும் துயில வேண்டிய மொட்டுகள் சில வாரங்கள் முன்னதாகவே மலர்ந்தன. பூ வியாபாரிகள் இம்முறையை ஆவலுடன் ஏற்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் வியன்னாவின் ஹான்ஸ் மோலிஷ், கிளைகளை வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் முழுக்கி வைத்தாலே அதே பயன் கிட்டும் என்று காட்டிவிட்டார். வெந்நீரில் போதை ஏது? ஆகவே மொட்டை எழுப்பியது போதையன்று, சிறியதோர் அதிர்ச்சி என்று கொள்வதே பொருத்தம்.

இனிப் போஸிடம் மீள்வோம். அவருடைய வாழ்வில் ஒரு சொல்லை முன்னிட்டு எழுந்த பூசல் ஒன்று உண்டு. 1901-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ராயல் சொசைட்டியில், செடிகளும் தூண்டலுக்கு மின்சார முறையில் மறுமொழி தருகின்றன என்று கருவிகளைக் காட்டி அவர் விளக்கினார். அந்நாளில் இங்கிலாந்து உடலியல் துறையின் தலைமகனாக விளங்கிய பர்டன் சாண்டர்சன் எழுந்து, தலைப்பில் உள்ள ரெஸ்பான்ஸ் என்னும் சொல் உடலியலாருக்கு உரியது, அதை மாற்றி ரியாக்ஷன் என்று வைத்துக்கொள்ளுமாறு யோசனை கூறினார். போஸ் இசையவில்லை. கட்டுரை அச்சேறாமல் சொசைட்டியின் பெட்டகத்தில் உறங்கியது. தமிழில் எழுதுகையில் இவ்விரு சொற்களையும் நாம் எதிர்வினை என்றே எழுதி நகர்ந்து விடுகிறோம். ஒருவருடைய ஆராய்ச்சி அச்சேறுவதும் ஏறாததும் இவ்வேற்றுமையில் தொங்கியது என்பதை நினைக்கும்போது நம் பேனா சற்றுத் தயங்குகிறது.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான் செடியையே சாட்சி சொல்ல வைக்க வேண்டும் என்னும் உறுதி அவருக்கு வலுத்தது போலும். கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. அவற்றுள் தலையாயது வளர்ச்சியை அளக்கும் கிரெஸ்கோகிராஃப். சராசரிச் செடி ஒரு விநாடியில் ஓர் அங்குலத்தின் இலட்சத்தில் ஒரு பங்கே வளர்கிறது என்பது போஸின் கணக்கு. அதைக் கண் எவ்வாறு காணும்? இரண்டு நெம்புகோல்களை இணைத்துப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டினார். அப்போது வளர்ச்சி விநாடிக்கு ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்காகத் தகட்டில் நடைபோடும். பின்னர்க் காந்த விசையைக் கொண்டு ஒரு கோடி மடங்குவரை பெருக்கும் கருவியையும் ஆக்கினார். உரமோ மருந்தோ நஞ்சோ, அது வளர்ச்சியைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதை அறியப் பருவம் முழுதும் காத்திருக்க வேண்டாம், சில நிமிடங்கள் போதும் என்னும் நிலை இதனால் ஏற்பட்டது.

இக்கருவிக்கு விருத்திமான் என்று பெயரிடவே போஸ் விரும்பினாராம். ஆங்கிலேயர் வாயில் அது பர்த்வான் என்று ஊர்ப்பெயராகி விடும் என அஞ்சி அவ்வாசையைக் கைவிட்டதாக, 1921-இல் வெளிவந்த அவ்யக்த என்னும் தம் வங்காள நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். மொழிபெயர்ப்பாளர் சங்கம் ஒன்று இருக்குமாயின் அவரை அதன் கௌரவ உறுப்பினராக்கி விடலாம்.

கருவி தந்த முடிவு, தள்ளாடும் செடியின் படத்தைவிட ஆழமானது. ஈதர் ஆவி மிக மெலிதாக இருந்தால் வளர்ச்சி விரைகிறது. செறிந்தால் தளர்கிறது, நின்றும் போகிறது. கரியமில வாயுவில் முதலில் விரைவு, பின்னர்த் தளர்ச்சி. நஞ்சு எனப் பெயர் பெற்ற பொருள்களுள் சில மிகச் சிறிய அளவில் வளர்ச்சியைத் தூண்டவும் செய்தன. அளவு, காலம் என்னும் இரண்டையும் சொல்லாமல் ஒரு பொருள் செடிக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பதே பொருளற்றது என்பதுதான் போஸின் தகடுகளில் எழுதியிருந்த செய்தி. மதுவிலக்கு மேடைக்கு அது உதவாது. சிறிய அளவு தூண்டும் என்பதைக் கேட்டு மகிழ்வோர் வேறு வகையினர் அல்லரோ! ஆகையால் தள்ளாடிய கோடு மட்டுமே ஊரெங்கும் சுற்றியது.

கருவியையே ஐயுற்றவர்களும் இருந்தார்கள். 1920-இல் வாலர் என்னும் உடலியலார் இலண்டன் டைம்ஸ் பத்திரிகை வாயிலாக அறைகூவல் விடுத்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் போஸ் கருவியை இயக்கிக் காட்ட, ராலே, பிராக் முதலியோர் அது செடியின் வளர்ச்சியையே உண்மையாகப் பதிகிறது என்று அதே பத்திரிகையில் கையொப்பமிட்டனர். ராயல் சொசைட்டியும் அவ்வாண்டே அவரை உறுப்பினராக ஏற்றது. போஸ் தம் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் 1917 நவம்பர் 30-ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, திறந்திருந்தார். முன்னே குறிப்பிட்ட மோலிஷ் 1928-29 குளிர்காலத்தில் அங்கு வந்து தங்கி, செடிகள் எழுதுவதை நேரில் கண்டு சென்றார்.

போஸ் செடிக்கு வெளியிலிருந்து சாராயத்தைக் கொடுத்தார். ஆனால் செடி தானே சாராயம் ஆக்கும் என்பது அவருக்கும் முன்னரே தெரிந்த செய்தி. 1872-ஆம் ஆண்டுக் கோடையில் லூயி பாஸ்டர் இருபத்துநான்கு பிளம் பழங்களைக் கரியமில வாயு நிறைந்த கண்ணாடிக் கூண்டில் எட்டு நாள் வைத்தார். பழங்கள் அழுகவில்லை, கெட்டியாகவே இருந்தன. ஆயினும் அவற்றிலிருந்து ஆறரை கிராம் சாராயம் கிடைத்தது. புளிக்க வைக்கும் நுண்ணுயிர் எதுவும் இல்லாமலேயே, பிராணவாயு கிடைக்காத பழத்தின் உயிரணுக்கள் தம் சர்க்கரையைத் தாமே சாராயமாக்கிக் கொண்டன.

இதன் காரணம் எளிது. சர்க்கரையைப் பிராணவாயுவோடு முற்றும் எரித்தால் உயிரணுவுக்கு நிறைந்த ஆற்றல் கிடைக்கும். வாயு இல்லாதபோது அரைகுறையாக உடைத்துச் சாராயமாக விட்டுவிட வேண்டியதுதான். கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. பட்டினிக்கு அது கஞ்சி. வெள்ளம் சூழ்ந்த வயலில் வேர் செய்வது இதையே. நீருள் மூழ்கிய நெல் விதை இதில் கைதேர்ந்தது. பிராணவாயு அறவே இல்லாத நீரிலும் அதன் முளையுறை மேல்நோக்கி நீளும். வேரும் இலையும் பொறுத்திருக்கும். முளையுறையின் நுனி காற்றைத் தொட்டபின்தான் மற்றவை வளரத் தொடங்கும். நெல் முளைக்கும் சேற்றில் சாராயம் பிறக்கிறது என்பதை எந்த மதுவிலக்குச் சட்டமும் கண்டதில்லை.

1960-களிலும் 70-களிலும் ஸ்காட்லாந்து அறிஞர் கிராஃபோர்டு ஒரு கருத்தை முன்வைத்தார். வெள்ளத்தைத் தாங்காத செடிகள் மடிவதற்குக் காரணம், வேரில் தாமே ஆக்கிய சாராயம் மிகுந்து அதுவே நஞ்சாவதுதான் என்பது அது. தன் கள்ளைத் தானே குடித்து அழிந்த குலம்போல் கேட்பதற்கு இனிய கதை, பாடநூல்களிலும் ஏறியது. 1982-இல் ஜாக்சன் முதலிய மூவர் இங்கிலாந்தில் பட்டாணிச் செடிகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். வெள்ளத்தில் நின்ற செடிகளின் உடலில் எவ்வளவு சாராயம் உள்ளது என்று அளந்தார்கள். அதே அளவை நல்ல நிலையில் இருந்த செடிகளுக்குக் கொடுத்தார்கள். குறிப்பிடத்தக்க தீங்கு நேரவில்லை. சாராயம் பெரும்பாலும் வேரிலிருந்து கசிந்து நீரோடு போய்விடுகிறது. செடியைக் கொல்வது முதன்மையாக ஆற்றல் வறட்சி.

இக்கண்டுபிடிப்பின் பயனை நம் நாட்டு வயல்களிலேயே காணலாம். சாராயத்தைக் குற்றவாளியாகக் கொண்டிருந்தால் அதை ஆக்காத நெல்லைத் தேடியிருப்போம். தேட வேண்டியதோ, வெள்ளத்தில் சர்க்கரையை வீணாக்காமல் சேமித்து, அந்தக் கஞ்சியையே நாள்கணக்கில் பங்கிட்டு உண்ணும் நெல்லை. ஒடிஷாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்த எஃப்.ஆர். 13ஏ என்னும் வகையில் அக்குணம் இருந்தது. சப்-1 என்னும் மரபணுப் பகுதியே அதற்குக் காரணம் என்பது 2006-இல் தெளிவாயிற்று. மூழ்கிய நெல் மேலே வர வேண்டுமென்று பதறி நெடிதாய் வளர்ந்து இளைத்துப் போகாமல், வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கச் செய்வது அது. அதை ஏற்றிய சுவர்ணா சப்-1 நெல் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தபின்னும் நீர் வடிந்ததும் தழைக்கும் பயிர் அது.

வெளியிலிருந்து ஊற்றும் சாராயத்தின் கதைக்கு இனி வருவோம். தில்லியில் குளிர்காலத்தில் நர்கீஸ் மலர்க் கொத்துகள் விற்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். மேனாட்டார் அவ்வினத்துக் கிழங்கைக் கூழாங்கல்லும் நீரும் இட்ட கிண்ணத்தில் வைத்து வீட்டினுள்ளேயே பூக்க வைப்பர். தண்டு வெகு உயரம் ஓடிப் பூவின் பாரத்தால் சாய்ந்து விடுவதே அதில் உள்ள தொல்லை. ஜின் என்னும் மதுவைச் சிறிது விட்டால் சாயாது என்னும் வீட்டு வைத்தியம் ஒன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் மில்லரின் காதுக்கு எட்டியது. அவர் அதை எள்ளி ஒதுக்காமல் முறையாகச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார். நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு சாராயம் உள்ள நீரில் தண்டின் உயரம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது. பூவின் அளவோ வாழ்நாளோ குறையவில்லை. பத்துப் பங்கை எட்டினால் செடிக்குக் கேடு. ஜின், விஸ்கி, ரம் எதுவாயினும் பயன் ஒன்றே. பீரும் ஒயினும் மட்டும் ஆகா. அவற்றிலுள்ள சர்க்கரை செடிக்கு ஊறு செய்கிறது.

காரணம் யாது? சாராயம் கலந்த நீரை வேர் எளிதில் உறிஞ்ச இயலுவதில்லை. கிண்ணம் நிறைய நீர் இருந்தும் செடி மெல்லிய தாகத்தில் நிற்கிறது. தண்டின் உயிரணுக்கள் நீரால் உப்பித்தான் நீள வேண்டும்; அவ்வுப்பல் குறைவதால் தண்டு குறுகுகிறது. இதில் போதை எங்கே? குடிகாரனுக்கும் நர்கீஸுக்கும் பொதுவானது தாகம் ஒன்றே என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அளவு தவறாத சாராயம் உதவவும் கூடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஜப்பானிலிருந்து வந்துள்ளது. ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கோதுமை, நெல் நாற்றுகளுக்கு மூன்று நாள் சாராயம் கலந்த நீரை விட்டு, அதன்பின் இரண்டு வாரம் நீரே விடாமல் வாட்டினர். மீண்டும் நீர் விட்டபோது சாராயம் பெற்றவற்றில் நூற்றுக்கு சுமார் 75 பிழைத்தன. பெறாதவற்றில் ஐந்துகூடப் பிழைக்கவில்லை. இலைத்துளைகள் மூடி நீர் காக்கப்பட்டது. உட்கொண்ட சாராயத்தைச் செடி சர்க்கரையாகவும் மாற்றிக்கொண்டது. போஸின் பழைய தகடுகள் சொன்ன செய்தியின் மறுபதிப்புப் போல இது நமக்குத் தோன்றுகிறது.

ஆயின் இத்தகைய செய்திகளில் ஆவல் அளவை மீறியதும் உண்டு. 1992-இல் அமெரிக்காவின் அரிஸோனா வெயிலில், நோனோமுரா, பென்சன் என்னும் இருவர் மெதில் சாராயத்தை இலைமேல் தெளித்தால் விளைச்சல் பெருகும் என்று அறிவித்தனர். பென்சன் எளியவர் அல்லர். ஒளிச்சேர்க்கையில் கரியின் வழியைக் கண்டறிந்த குழுவில் முன்னின்றவர். ஆகவே உலகெங்கும் வயல்களில் தெளித்துப் பார்த்தார்கள். சொன்ன பெருக்கம் உறுதியாகக் கிட்டவில்லை. சில ஆண்டுகளில் ஆரவாரம் அடங்கிற்று.

மெதில் சாராயம் என்று எழுதும்போதே நம் தவறு நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுத் தோட்டம் பற்றிய சிறு வெளியீடு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. அதில் நர்கீஸ் கிண்ணத்துச் செய்தியும் இருந்தது. நாம் சாராயம் என்று எழுதினோம். பொதுமக்கள் கையில் செல்லும் ஏட்டில் அச்சொல் அழகன்று என்று மேலிருந்து ஆட்சேபம் வந்தது. எரிசாராயம் என்று திருத்தி அனுப்பினார்கள். திருத்தத்தின்கீழ் நாமும் சுருக்கொப்பம் இட்டோம். அகராதியில் இரண்டும் அண்டை வீட்டார். கடையில் எரிசாராயம் என்று கேட்டாலோ, குடிக்க இயலாதபடி மெதில் சாராயம் முதலியன கலந்த திரவம் கிடைக்கும். அது கண்ணைப் பறிப்பது, உயிரையும் பறிப்பது. அதைக் குழந்தைகள் நடமாடும் வீட்டில், கூடத்து மேசைமேல், பூக்கிண்ணத்தில் ஊற்றுமாறு நம் ஏடு சொல்லிவிட்டது. அச்சான பின்னரே அது உறைத்தது. படித்தவர் எவரும் அவ்வாறு செய்ததாகச் செய்தி வரவில்லை. எனினும் அந்த வாரத்து இரவுகள் நமக்கு நல்ல இரவுகளாக இல்லை.

பெர்னாரின் சோதனையை 2018-இல் ஜெர்மனியின் பான் நகரத்து பலூஷ்காவும் அவர் தோழர்களும் புதிய கருவிகளோடு மீண்டும் செய்தார்கள். அதே தொட்டாற்சிணுங்கி, அதே ஈதர், அதே கீரை விதை. கூடப் பூச்சி உண்ணும் செடிகள் சில. இலை அசைவு நின்றது, மின் துடிப்பு மறைந்தது, ஆவி நீங்கியபின் யாவும் திரும்பின. மயக்க மருந்து தொடும் இடம் உயிரணுவின் சவ்வு என்று அவர்கள் கருதுகிறார்கள். தம் கட்டுரைக்கு அவர்கள் இட்ட தலைப்பில் போதை இல்லை, உறக்கம் இல்லை. மயக்க மருந்துகள் செடியின் அசைவுகளை நிறுத்துகின்றன என்றே அது தொடங்குகிறது.

நம் தோட்ட ஏடு மறுபதிப்புக்கு வந்தபோது அப்பகுதியை நாமே கேட்டு வாங்கித் திருத்தினோம். சாராயமும் வேண்டாம், எரிசாராயமும் வேண்டாம் என்று ஈதைல் ஆல்கஹால் என்றே தமிழெழுத்தில் எழுதி, நூற்றுக்கு ஐந்து பங்கு என்று அளவிட்டு, நாற்பது பங்குச் சரக்காயின் ஒரு மடங்குக்கு ஏழு மடங்கு நீர் என்று கணக்கும் சேர்த்தோம். எரிசாராயத்தை ஊற்றலாகாது என்னும் வரியைத் தடித்த எழுத்தில் இடச் சொன்னோம். தமிழ் மணக்கவில்லையே என்று நண்பரொருவர் குறைப்பட்டார். விருத்திமான் பர்த்வானாகும் என்று அஞ்சிக் கிரெஸ்கோகிராஃபோடு அமைந்தவரின் கதையை அவருக்குச் சொன்னோம். அவர் சிரித்தார், ஆயினும் இசைந்ததாகத் தெரியவில்லை.